மேக்ரோ லென்ஸ் வாங்கும் முன் ஓர் அளவுகோலை எடுங்கள்

மாணவர்களே, தீபாவளி முடிந்து பள்ளி திறந்ததும் அறிவியல் கூடத்தில் என்னிடம் வரும் கேள்விகளில் ஒன்று இது: "டீச்சர், அங்பாவ் பணம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. எறும்பு, சிலந்தி எல்லாம் பெரிதாகத் தெரிகிற மாதிரி படம் எடுக்க வேண்டும். எந்த மேக்ரோ லென்ஸ் மலிவு?" கேட்பவர் பெரும்பாலும் இரண்டு மூன்று லென்ஸ் பெயர்களையும் விலைகளையும் எழுதிக்கொண்டே வந்திருப்பார். "சரி, எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள்? அது எத்தனை மில்லிமீட்டர்?" என்று நான் திருப்பிக் கேட்டால்தான் மௌனம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லென்ஸை விலையைப் பார்த்தோ பெயரைப் பார்த்தோ தேர்ந்தெடுக்கக் கூடாது. படம் எடுக்கப்போகும் பொருள் எவ்வளவு பெரியது, அதை எவ்வளவு நெருங்க முடியும் என்ற இரண்டு எண்களைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால், படிவம் 4 இயற்பியல் பாடத்தில் உள்ள ஒரே சூத்திரம் போதும். எது தேவை, எது வீண் செலவு என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். பேராக்கில் வாழும் மாணவருக்கு இது வெறும் பணம் மிச்சப்படுத்தும் விஷயம் மட்டும் அல்ல. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் ஊர் உயிர்கள் எத்தனை மில்லிமீட்டர்?

நம்மில் பலருடைய தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியவர்கள். விடியற்காலையில் எழுந்து, ஒவ்வொரு மரமாகக் கோடு கீறி, மங்கில் பால் சேர்த்தவர்கள். அவர்கள் வாழ்நாள் முழுவதும் தொட்டு உழைத்த அந்த மரத்தின் பூவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டீர்கள். வெடித்துச் சிதறும் ரப்பர் கொட்டை நமக்குத் தெரியும், பூ தெரியாது. மஞ்சள் நிறத்தில், கொத்துக் கொத்தாக, ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும்.

ரப்பர் இருந்த பல தோட்டங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. செம்பனையின் ஆண் பூங்குலை மலர்ந்திருக்கும்போது பாதுகாப்பான தூரத்தில் நின்று கவனித்தால், அதன் மேல் கரும்பழுப்பு நிறத்தில் சிறு வண்டுகள் மொய்ப்பதைக் காணலாம். ஒன்று ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். எலைடோபியஸ் கமெருனிகஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஆப்பிரிக்காவின் கெமரூன் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, 1981-இல் மலேசியத் தோட்டங்களில் விடப்பட்ட வண்டு அது. அதற்கு முன் பல தோட்டங்களில் தொழிலாளர்கள் மகரந்தத் தூளைக் கையால் பெண் பூங்குலைகளில் தூவி வந்தார்கள். அந்த வேலையை இந்த 3 மில்லிமீட்டர் வண்டு ஏற்றுக்கொண்டது. நம் நாட்டின் செம்பனைத் தொழில் இன்று அதன் முதுகில்தான் நிற்கிறது என்றால் அது மிகையல்ல.

இன்னும் சிறியது வேண்டுமா? ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பாருங்கள். தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயிலுக்குப் போகும்போது தலைக்கு மேல் நிற்கும் பாறை அந்த வகைதான். நத்தை தன் ஓட்டைக் கட்ட கால்சியம் கார்பனேட் தேவை. சுண்ணாம்புக் குன்றில் அது தாராளம். ஆனால் ஒரு குன்றுக்கும் அடுத்த குன்றுக்கும் இடையில் உள்ள நிலத்தைக் கடக்க மிகச் சிறிய நத்தைகளால் இயலாது. கடல் நடுவே உள்ள தீவுகளைப் போல ஒவ்வொரு குன்றும் தனித்து நிற்பதால், ஒரு குன்றில் உள்ள இனம் வேறெங்கும் இல்லாமல் போகலாம்.

ஈப்போவை ஒட்டிய குனோங் ராப்பாட்டிலிருந்து 2008-இல் அறிவிக்கப்பட்ட நத்தை ஒன்று உலகத்தையே வியக்க வைத்தது. அதன் அறிவியல் பெயர் ஓப்பிஸ்தோஸ்தோமா வெர்மிகுலம். சாதாரண நத்தை ஓடு ஓர் அச்சைச் சுற்றிச் சுருளும். இதுவோ நான்கு வெவ்வேறு அச்சுகளைச் சுற்றி, குழாயை முறுக்கி விட்டாற்போல் சுருண்டிருக்கிறது. ஓட்டின் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்.

ஆக, உங்கள் கையில் ஒரு பட்டியல் வந்துவிட்டது. கெரெங்கா எறும்பு 8 முதல் 10 மி.மீ. ரப்பர் பூ சில மி.மீ. செம்பனை வண்டு 3 மி.மீ. ராப்பாட் நத்தை 1 மி.மீ. இனி லென்ஸுக்கு வருவோம்.

'1:1' என்றால் என்ன?

மேக்ரோ லென்ஸின் பெட்டியில் 1:1 என்று எழுதியிருக்கும். ஒரு பொருள் உண்மையில் எவ்வளவு பெரியதோ, அதன் பிம்பமும் கேமராவின் உணரி மேல் அதே அளவில் விழும் என்பதே இதன் பொருள். 1:2 என்றால் பிம்பம் பாதி அளவு. 1:4 என்றால் கால் பங்கு.

மாணவர்கள் வாங்கும் விலையில் உள்ள பெரும்பாலான டி.எஸ்.எல்.ஆர்., மிரர்லெஸ் கேமராக்களில் ஏ.பி.எஸ்.-சி வகை உணரி இருக்கும். அதன் அகலம் சுமார் 22 முதல் 24 மி.மீ. 2012-இல் வெளிவந்த பொன்னிற 50 சென் காசை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம் ஏறத்தாழ 22.6 மி.மீ. அந்தக் காசு படத்தின் அகலத்தை ஏறக்குறைய முழுவதும் நிரப்பினால், உங்கள் லென்ஸ் 1:1 தருகிறது. காசைவிட அளவுகோல் இன்னும் துல்லியம். அளவுகோலைப் படம் எடுங்கள். இடது விளிம்பிலிருந்து வலது விளிம்புவரை எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள். உணரியின் அகலத்தை அந்த எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைத்துவிடும். 24 மி.மீ. உணரியில் 96 மி.மீ. தெரிந்தால் உருப்பெருக்கம் 0.25, அதாவது 1:4.

கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சிறிய அளவுகோல் இருக்கட்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஏனென்றால் 'மேக்ரோ' என்ற சொல் பெட்டி மேல் எளிதாக ஏறிவிடுகிறது. பல ஜூம் லென்ஸ்களில் 'மேக்ரோ' என்று அச்சிட்டிருக்கும். கணக்குப் பார்த்தால் 1:3, 1:4 மட்டுமே இருக்கும். மலிவு விலைக் கைப்பேசிகளில் 'மேக்ரோ கேமரா' என்று தனியாக ஒன்று இருக்கும். பலவற்றில் அது 2 மெகாபிக்சல் மட்டுமே. விளம்பரச் சொல் ஏமாற்றலாம். அளவுகோலில் உள்ள கோடுகள் ஏமாற்றா.

1:1 நமக்குப் போதுமா? 24 மெகாபிக்சல் கேமராவின் படம் அகலவாக்கில் 6,000 பிக்சல். அது சுமார் 24 மி.மீ. உணரியில் பரவியிருப்பதால், ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 250 பிக்சல். 3 மி.மீ. செம்பனை வண்டு 1:1-இல் 750 பிக்சல் நீளத்தில் பதிவாகும். கண், மூக்கு போன்ற அலகு, கால் எல்லாம் தெளிவாகத் தெரியும். 10 மி.மீ. கெரெங்கா 2,500 பிக்சல். சுவரொட்டி அளவுக்கு அச்சிடலாம். ஆனால் 1 மி.மீ. நத்தைக்குக் கிடைப்பது 250 பிக்சல் மட்டும். அதற்கு மேக்ரோ லென்ஸே சரியான கருவி அல்ல. உங்கள் பள்ளிக்கூடத்தில் உள்ள நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லை மேல் கைப்பேசியை வைத்து எடுத்தால் அதைவிட நல்ல படம் கிடைக்கும். செலவு ஒரு காசு இல்லை.

தட்டான்பூச்சிக்கு நேர்மாறான கதை. 5 செ.மீ. நீளத் தட்டானை 1:1-இல் எடுத்தால் பாதி உடல்கூடப் படத்தில் அடங்காது. அதற்கு 1:2 அல்லது 1:3 போதும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் தொலைதூர ஜூம் லென்ஸே அதைச் சமாளிக்கும். பார்த்தீர்களா? பொருளின் அளவைத் தெரிந்துகொண்ட உடனேயே சிலருக்கு லென்ஸ் வாங்கும் தேவையே இல்லாமல் போய்விடுகிறது.

படிவம் 4 சூத்திரம் கடையில் உதவும்

'கந்தா செம்போங்' என்று வகுப்பில் மலாய்மொழியில் படிக்கும் குவிவில்லைதான் கேமரா லென்ஸின் அடிப்படை. பொருள் தூரம் u, பிம்பத் தூரம் v, குவியத் தூரம் f. 1/u + 1/v = 1/f. உருப்பெருக்கம் m = v/u. தேர்வுக்காக மனப்பாடம் செய்த இந்த வரிகள் உங்கள் பணப்பையைக் காப்பாற்றும்.

சூத்திரத்தின் இரு பக்கத்தையும் v-ஆல் பெருக்கிப் பாருங்கள். m = v/f − 1 என்று வரும். அதாவது லென்ஸை உணரியிலிருந்து முன்னுக்குத் தள்ளத் தள்ள உருப்பெருக்கம் கூடும். தொலைதூரக் காட்சிக்கு v என்பது f-க்குச் சமம். 50 மி.மீ. லென்ஸை மேலும் 25 மி.மீ. முன்னே தள்ளினால் உருப்பெருக்கம் 25/50, அதாவது 0.5. இன்னும் 25 மி.மீ. தள்ளினால் 1:1. அப்போது பொருளும் பிம்பமும் லென்ஸிலிருந்து சமமாக 2f தூரத்தில், அதாவது 10 செ.மீ.யில் இருக்கும். பாடநூலில் உள்ள கதிர்ப்படம் இதுவேதான்.

இந்தத் தள்ளும் வேலையைச் செய்வது நீட்டிப்புக் குழாய். உள்ளே கண்ணாடியே இல்லாத வெற்று வளையம் அது. கண்ணாடி இல்லாததால் விலையும் குறைவு. 12, 20, 36 மி.மீ. என மூன்று வளையங்கள் ஒரு தொகுதியாக விற்கிறார்கள். மூன்றையும் சேர்த்தால் 68 மி.மீ.; 50 மி.மீ. லென்ஸில் 68/50 = 1.36 உருப்பெருக்கம். மேக்ரோ லென்ஸையே மிஞ்சிவிட்டது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மிக மலிவான குழாய்களில் மின்தொடர்புப் புள்ளிகள் இருப்பதில்லை. அவற்றைப் பொருத்தினால் இன்றைய லென்ஸ்களின் துளை அளவைக் கேமராவிலிருந்து மாற்ற முடியாது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து மின்தொடர்பு உள்ளதை வாங்குங்கள். அல்லது துளை வளையம் உள்ள பழைய கைமுறை லென்ஸைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது வழி, லென்ஸின் முகப்பில் பொருத்தும் அண்மை வில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் சொல்லும் 'பவர்' கணக்கே இதற்கும். பவர் 4 என்றால் குவியத் தூரம் 1/4 மீட்டர், அதாவது 250 மி.மீ. கேமராவின் லென்ஸை முடிவிலிக்கு வைத்தால், உருப்பெருக்கம் = லென்ஸின் குவியத் தூரம் ÷ அண்மை வில்லையின் குவியத் தூரம். கேமராவோடு வரும் 55 மி.மீ. லென்ஸுக்கு 55/250 = 0.22 மட்டுமே. அதையே 200 மி.மீ. ஜூம் முன்னால் வைத்தால் 0.8. ரேனாக்ஸ் டி.சி.ஆர்.-250 என்ற புகழ்பெற்ற அண்மை வில்லையின் பவர் 8, அதாவது 125 மி.மீ.; 200 மி.மீ. ஜூமோடு அது 1.6 உருப்பெருக்கம் தரும். ஒற்றைக் கண்ணாடியால் ஆன மலிவு வில்லைகளில் ஓரங்கள் மங்கும், நிறப்பிறழ்ச்சியால் விளிம்புகளில் ஊதா, பச்சைக் கோடுகள் தெரியும். பல கண்ணாடிகளைச் சேர்த்துத் திருத்திய வில்லையை வாங்கினால் அந்தத் தொல்லை குறையும்.

ஆகவே என் அறிவுரை: நீட்டிப்புக் குழாய்க்குக் குறைந்த குவியத் தூரம் பொருத்தம், அண்மை வில்லைக்கு நீண்ட குவியத் தூரம் பொருத்தம். வீட்டில் என்ன லென்ஸ் இருக்கிறதோ அதற்கு ஏற்றதை வாங்குங்கள். மாற்றி வாங்கினால் பணம் வீண்.

உண்மையான மேக்ரோ லென்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்றால்

சிலருக்கு அது தேவைதான். குழாயைப் பொருத்தினால் தூரத்தில் உள்ளது தெரியாது. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும். மேக்ரோ லென்ஸ் என்றால் எறும்பையும் எடுக்கலாம், திரும்பிப் பாட்டியின் முகத்தையும் எடுக்கலாம். பணம் குறைவாக உள்ளவருக்கு ஒரே லென்ஸ் இரண்டு வேலை செய்வது பெரிய விஷயம்.

இங்கே இரண்டாவது எண் வருகிறது: எவ்வளவு நெருங்க வேண்டும்? விவரத்தாளில் 'குறைந்த குவியத் தொலைவு' என்று ஓர் எண் இருக்கும். அது லென்ஸின் முனையிலிருந்து அளப்பது அல்ல. கேமராவுக்குள் இருக்கும் உணரியிலிருந்து அளப்பது. நிக்கான் 40 மி.மீ. மேக்ரோ லென்ஸில் அந்த எண் 16.3 செ.மீ. கேமராவின் தடிமனையும் லென்ஸின் நீளத்தையும் கழித்தால், 1:1-இல் லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே சில செ.மீ. மட்டுமே மிஞ்சும். வெளிச்சம் மறையும்; பூச்சி பறக்கும். 60 மி.மீ. வகையில் இடைவெளி கூடும். 90, 100 மி.மீ. வகையில் அதைவிடவும் தாராளம்.

ஏ.பி.எஸ்.-சி கேமரா வைத்திருக்கும் மாணவர் ஒரே ஒரு மேக்ரோ லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால், என் வாக்கு 60 மி.மீ. பக்கம். பூங்குலையில் மேயும் வண்டு, பூ, இலை நரம்பு, பாசி, காளான் இவையெல்லாம் ஓடிப்போவதில்லை. அதே லென்ஸால் வீட்டுக்குள் ஒருவரின் முகத்தை அழகாக எடுக்கலாம். 90 மி.மீ. லென்ஸோடு சின்ன வரவேற்பறையில் நின்றால் பின்னால் போக இடம் இருக்காது. பட்டாம்பூச்சியும் சிலந்தியும்தான் உங்கள் உயிர் என்றால் மட்டும் 90 அல்லது 100-க்குப் போங்கள்.

இன்னொரு பயனும் உண்டு. மேக்ரோ லென்ஸ்கள் தட்டையான பரப்பை ஓரம்வரை கூர்மையாகப் பதிவு செய்யும் விதத்தில் வடிவமைக்கப்படுகின்றன. வீட்டு அலமாரியில் நிறம் மங்கிக்கொண்டிருக்கும் பழைய படங்கள், தாத்தாவின் தோட்டத்துச் சம்பளச் சீட்டு, லயத்து வீட்டின் முன் எடுத்த கல்யாணப் படம் ஆகியவற்றை நகல் எடுக்க இதைவிட நல்ல லென்ஸ் இல்லை. தோட்டங்கள் பல இப்போது வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அந்த வாழ்க்கையின் சான்றுகள் காகிதத்தில்தான் மிஞ்சியிருக்கின்றன.

புதியதைவிடப் பழையதை வாங்க அஞ்ச வேண்டாம். டாம்ரான் 90 மி.மீ. போன்ற லென்ஸ்கள் பல பத்தாண்டுகளாக வருவதால் பழையது கிடைக்கும். ஆனால் 1979-இல் வந்த அதன் முதல் வடிவம் 1:2 மட்டுமே; 1:1 தரும் வடிவம் பிறகுதான் வந்தது. எந்த வடிவம் என்று கேட்டு, அளவுகோலால் சோதித்து வாங்குங்கள். நிக்கானின் தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றில் பழைய லென்ஸ்களின் தானியங்கிக் குவியம் வேலை செய்யாது. அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். 1:1-இல் எல்லாருமே குவியத்தை நிலையாக வைத்து, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துத்தான் எடுக்கிறார்கள். டி.டி.ஆர்டிசன் 40 மி.மீ., 7ஆர்டிசன்ஸ் 60 மி.மீ. போன்ற புதிய கைமுறை மேக்ரோ லென்ஸ்கள் விலை குறைவாக இருப்பதற்கும் தானியங்கிக் குவியம் இல்லாதது ஒரு காரணம்.

பழைய லென்ஸில் பார்க்க வேண்டியது பூஞ்சணம். நம் ஊர் ஈரப்பதத்தில் அது எளிதில் வளரும். கைவிளக்கை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் வாங்காதீர்கள். வாங்கிய லென்ஸை இறுக மூடும் உணவு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

மிச்சப் பணத்தை வெளிச்சத்துக்குச் செலவிடுங்கள்

1:1-இல் லென்ஸ் 2f தூரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அதோடு கூர்மையாகத் தெரியும் ஆழமும் சுருங்கும். f/8 துளையில், ஏ.பி.எஸ்.-சி உணரியில், 1:1-இல் அந்த ஆழம் ஏறத்தாழ 0.6 மி.மீ. மட்டுமே. 3 மி.மீ. வண்டின் கண் கூர்மையாக இருந்தால் வால்பக்கம் மங்கிவிடும். துளையை மேலும் சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் மிகவும் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து முழுப் படமும் மென்மையாகிவிடும்.

விலை உயர்ந்த லென்ஸும் இந்த இயற்பியலை மாற்றாது. அதனால்தான் சொல்கிறேன், லென்ஸில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு சிறிய ஃபிளாஷ் வாங்குங்கள். அதன் முன்னால் ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியையோ இரண்டு மடிப்பு வெள்ளைத் தாளையோ கட்டுங்கள். ஒளி பரவி விழும். ஃபிளாஷ் வாங்க முடியாதவர்கள் காலை நேரத்தைப் பயன்படுத்தலாம். காற்று அடங்கியிருக்கும், குளிர்ச்சியில் பூச்சிகளும் மெதுவாக நகரும்.

கைப்பேசியே போதாதா?

கேட்கத் தகுந்த கேள்வி. சில விலை உயர்ந்த கைப்பேசிகள் 2 செ.மீ. தூரத்தில்கூடக் குவியும். சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் கிளிப் லென்ஸைச் சாதாரணக் கைப்பேசியில் மாட்டினாலும் எறும்பின் கண் தெரியும். கேமராவே இல்லாதவர் இந்தக் கட்டுரையைப் படித்துக் கேமரா வாங்க ஓட வேண்டாம். கிளிப் லென்ஸிலிருந்து தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்தும் வாரம் ஒரு முறையாவது அதை எடுத்துக்கொண்டு வெளியே போகிறீர்கள் என்றால், அடுத்த படிக்குப் போகலாம். பெட்டிக்குள் தூங்கும் லென்ஸ் எவ்வளவு மலிவாக வாங்கினாலும் விலை உயர்ந்ததுதான்.

பள்ளி அறிவியல் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆளுக்கொரு லென்ஸ் எதற்கு? பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியோடு ஒரு நீட்டிப்புக் குழாய்த் தொகுதியும் ஓர் அண்மை வில்லையும் வாங்கி, நூலகப் புத்தகம்போல் பதிவேட்டில் எழுதி மாணவர்களுக்குக் கொடுக்கலாம். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அது கைக்கு வரும்.

ஏன் நமக்கு இது முக்கியம்?

2011-இல் குவெக் ஹோக் பிங் என்ற மலேசிய ஒளிப்படக்காரர், கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள காட்டுப் பகுதியில் ஒரு பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியைப் படம் எடுத்தார். அதன் இறக்கை அடிப்பகுதியில் கறுப்பு வரைவும் நீலப் புள்ளிகளும் இருந்தன. பூச்சி பறந்துவிட்டது. படத்தை ஃபிளிக்கரில் போட்டார். கலிபோர்னியாவில் இருந்த பூச்சியியல் அறிஞர் ஷான் வின்டர்டன் அதைத் தற்செயலாகக் கண்டு, இது அறிவியல் அறியாத இனமாக இருக்கலாமே என்று ஐயுற்றார். படம் மட்டும் போதவில்லை, மாதிரி வேண்டும். குவெக் மீண்டும் அதே பகுதிக்குப் போய், பிறகொரு நாள் ஒரு பூச்சியைக் கண்டுபிடித்தார். அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. சபாவிலிருந்து முன்பே வந்து பெயரில்லாமல் கிடந்த இன்னொரு மாதிரியும் அங்கே இருந்தது. 2012-இல் செமக்ரைசா ஜேட் என்ற புதிய இனம் அறிவிக்கப்பட்டது. ஆய்வுக் கட்டுரையை எழுதிய மூவரில் குவெக்கும் ஒருவர்.

இது மகிழ்ச்சியான கதை. மற்றொரு கதையும் உண்டு. பகாங்கில் புக்கிட் பாஞ்சிங் என்ற சுண்ணாம்புக் குன்று இருந்தது. அங்கு மட்டுமே வாழ்ந்த ஒரு சின்னஞ்சிறு நத்தை இனமும் இருந்தது. பெயர் பிளெக்டோஸ்தோமா சியாஃபிலம். குன்று கல்லுக்காக முழுவதும் வெட்டி எடுக்கப்பட்டது. நத்தையும் உலகிலிருந்து அழிந்தது.

நம் பேராக்கில், சிம்மோர் அருகே குனோங் கந்தான் இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் சிமெண்டுக்காகக் கல் வெட்டப்படுகிறது. அங்கு கண்டறியப்பட்டு 2014-இல் பெயரிடப்பட்ட 3 மி.மீ. அளவுள்ள நத்தைக்கு, ஆய்வாளர்கள் சாரோப்பா லஃபார்கெய் என்று அந்த சிமெண்டு நிறுவனத்தின் பெயரையே சூட்டினார்கள். அந்த உயிரின் பிழைப்பு யார் கையில் இருக்கிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. சிமெண்டு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் வீடுகளும் பள்ளிகளும் அதில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் எங்கே எது வாழ்கிறது என்று தெரிந்தால்தான், எந்தக் குன்றைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று பேசவாவது முடியும். கிந்தா பள்ளத்தாக்கு 2018-இல் தேசிய நிலப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பெருமை பாறைக்கு மட்டும் உரியதல்ல. பாறையில் ஊர்வதற்கும் உரியது.

அதற்காக யாரும் கல்குவாரிக்குள்ளும் குகைக்குள்ளும் நுழைய வேண்டாம். அது ஆபத்து, அனுமதியும் கிடையாது. உங்கள் வீட்டு வேலி, பள்ளித் தோட்டம், கோயில் வளாகத்துச் சுவர், தோட்டத்துச் சாலையோரம் போதும். பெரியவர் ஒருவரோடு போங்கள். கல்லைப் புரட்டினால் அதே இடத்தில் திருப்பி வையுங்கள். பூச்சியைக் கிள்ளியோ குளிரூட்டியோ படம் எடுக்காதீர்கள். ஒவ்வொரு படத்தோடும் தேதி, இடம், எந்தச் செடி மேல் இருந்தது என்ற மூன்றையும் குறிப்பெடுங்கள். முடிந்தால் பக்கத்தில் அளவுகோலை வைத்து ஒரு படம் கூடுதலாக எடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் பதிவேற்றினால் பெயர் சொல்ல உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தேதியும் இடமும் இல்லாத படம் வெறும் அழகு. அவை இருந்தால் அது சான்று.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். 15 செ.மீ. அளவுகோலும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு, வீட்டு வாசலிலிருந்து 100 மீட்டருக்குள் நீங்கள் காணும் பத்துச் சிற்றுயிர்களின் நீளத்தை எழுதுங்கள். தொட வேண்டாம், பக்கத்தில் அளவுகோலைப் பிடித்தால் போதும். ஒவ்வொன்றும் உங்களை எவ்வளவு நெருங்க விட்டது என்பதையும் எழுதுங்கள். அந்தப் பக்கம் நிறைந்ததும் எந்த லென்ஸ் தேவை என்பதற்கான விடை அதிலேயே இருக்கும்.